படி ஏற முடியாதவரும் படிக்கலாம்: சிறிய இலக்கியக் காட்சியகத்தை எல்லோருக்கும் திறந்துவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் பழைய ஆட்கள் இன்னும் ‘தண்டு’ என்றே சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில், அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. மறைந்த தமிழ் எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த வீடு. கீழே மூன்று அறை, மாடியில் ஒன்று. அவருடைய மேசை, கையெழுத்துப் படிகள், கடிதங்கள், அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நாங்கள் ஐந்தாறு பேர் முறை வைத்துத் திறந்து வைக்கிறோம். சம்பளம் கிடையாது. காபி உண்டு.

ஒரு ஞாயிறு, ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு ஆட்டோவில் வந்தார். மடக்கு சக்கர நாற்காலி. எங்கள் வாசலில் மூன்று படி. பையன்கள் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு “தூக்கிடலாம் ஆன்ட்டி” என்று முன்னால் வந்தார்கள். அந்த அம்மா சொன்னார்: “மூட்டையத் தூக்குற மாதிரி என்னைத் தூக்க வேணாம்ப்பா. அவர் கையெழுத்த ஒரு தடவ பாக்கணும், அவ்வளவுதான். இங்க கொண்டாந்து காட்ட முடியுமா?” கண்ணாடிப் பெட்டியின் சாவி அன்றைக்கு வராத ஒருவரிடம் இருந்தது. அந்த அம்மா திண்ணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தவை, செய்து கெடுத்தவை, திரும்பச் செய்தவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. பெரிய அருங்காட்சியகங்களுக்கு லிஃப்ட் உண்டு, கட்டடக் கலைஞர் உண்டு. எழுத்தாளர் வீடு என்பது அடிப்படையில் குடியிருந்த வீடு. எட்டயபுரத்திலோ புதுச்சேரியிலோ பாரதியின் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: திண்ணை, நிலைப்படி, குறுகிய உள்வாசல். அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓவியக் கூடத்தில் பார்க்க இருப்பது படம். இலக்கியக் காட்சியகத்தில் இருப்பதோ சொல். சொல்லைக் கேட்கலாம், விரலால் தொட்டுப் படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதைக் கண்ணாடிக்குள் பூட்டி, பத்துப் புள்ளி (பாயின்ட்) அளவுச் சின்ன எழுத்தில் குறிப்பு எழுதி, மூன்று படிக்கு மேலே வைத்திருக்கிறோம்.

முதல் படி: இன்ச் டேப்பை எடுங்கள்

காசு திரட்டுவதற்கு முன், கமிட்டி கூட்டுவதற்கு முன், அளவெடுங்கள். தெரு ஓரத்திலிருந்து தொடங்கி கடைசி அறை வரை. ஒவ்வொரு படியின் உயரம், ஒவ்வொரு கதவும் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி (நிலை அகலம் அல்ல, கதவின் தடிமன் போக மிஞ்சுவது), கண்ணாடிப் பெட்டியின் மேல்விளிம்பு, குறிப்பு அட்டைகள் தொங்கும் உயரம், நாற்காலி இருக்கும் இடம், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மனதில் வைக்க வேண்டிய அளவுகள் சில. கதவின் தெளிவான இடைவெளி 90 செ.மீ, அதாவது மூன்று அடி. சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்ப 150 செ.மீ, அதாவது ஐந்து அடி. உட்கார்ந்திருப்பவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். பழைய வீட்டில் எல்லாக் கதவும் மூன்று அடி இருக்காது. எங்கள் நடு அறைக் கதவு 74 செ.மீ. சாதாரண மடக்கு நாற்காலி அதற்குள் போய்விடும், ஆனால் சக்கரத்தைத் தள்ளுபவரின் விரல் முட்டி நிலையில் உரசும். கீலிலிருந்து கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்ததில் நான்கு செ.மீ. கூடுதலாகக் கிடைத்தது. விரலுக்கு அது போதும்.

இரண்டாவது சுற்றை நீங்களே செய்யாதீர்கள். சக்கர நாற்காலியில் வாழ்பவர் ஒருவரையும், பார்வையற்றவர் ஒருவரையும் அழைத்து வந்து வீட்டைச் சுற்றவிடுங்கள். நாற்காலியை இரவல் வாங்கி நீங்களே உட்கார்ந்து பார்ப்பது அரை மணி விளையாட்டு, அவ்வளவுதான். வந்தவர்களுக்குப் பணம் கொடுங்கள். அது அவர்களுடைய நிபுணத்துவம். சால்வை போர்த்தி அனுப்புகிற விஷயம் அல்ல.

கமிட்டியில் யாராவது “நம்ம மாதிரி சின்ன இடத்துக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்பார். கேட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது, பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் இடங்களையும் சேர்த்தே பேசுகிறது என்று சொல்லுங்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் கமிட்டியில் சட்டம் பலிக்கவில்லை. “உங்களுக்கும் முழங்கால் வலி வரும் சார்” என்றதும் பலித்தது.

இரண்டாவது படி: இருப்பதை இருக்கிறபடி எழுதி வெளியிடுங்கள்

பெரும்பாலோர் இதைக் கடைசியில் செய்வார்கள். சாய்தளம் கட்டி, கைப்பிடி போட்டு, ரிப்பன் வெட்டிய பிறகு அறிவிப்பு. நான் தலைகீழாகச் சொல்வேன். ஒன்றுமே கட்டாத நிலையிலும், என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதி வெளியிட்டால் பாதிப் பேருக்கு அதுவே உதவி. மூன்று படி இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த அம்மா எங்களைத் தொலைபேசியில் அழைத்திருப்பார். நாங்களும் சாவியோடு காத்திருந்திருப்போம்.

‘மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு’ என்ற ஒரு வரி யாருக்கும் பயன்படாது. எங்கள் அறிவிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

“பக்கவாசல் வழியாக எல்லோரும் நுழையலாம். அங்கே ஆறு அடி நீளச் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி. கீழ்த்தள அறைகள் மூன்றுக்கும் படி இல்லை. மிகக் குறுகலான கதவு 78 செ.மீ. மாடிக்குப் பதினேழு படி, லிஃப்ட் இல்லை. மாடியில் உள்ளவற்றின் வீடியோவும் நகல்களும் கீழேயே பார்க்கலாம். கழிப்பறை உண்டு, கைப்பிடிக் கம்பி உண்டு, ஆனால் உள்ளே சக்கர நாற்காலியைத் திருப்ப இடம் போதாது. ஒவ்வொரு அறையிலும் கை வைத்த நாற்காலி உண்டு. காலணி கழற்றுவது கட்டாயம் இல்லை. உடன் வருபவர், வழிகாட்டி நாய், யாரானாலும் வரலாம். முன்கூட்டிச் சொன்னால் கையெழுத்துப் படியை மேசைக்கு எடுத்து வந்து காட்டுவோம்.”

‘போதாது’, ‘இல்லை’ என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். எழுதுங்கள். கழிப்பறை பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒருவர் காலையில் தண்ணீர் குடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

வெளியிடும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஆட்கள் அறிவிப்பை அழகாக வடிவமைத்துப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பார்வையற்றவர் கைப்பேசியில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் செயலி, பெரும்பாலும் அதை ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் பல தமிழ் அமைப்புகளில் கிடக்கின்றன. திரை வாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபும் படம்தான். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பு மென்பொருளைக் கணினியில் நிறுவி, தமிழ்க் குரலில் உங்கள் அறிவிப்பை ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது படி: வீட்டு வாசல் வரை வரும் வழி

பெங்களூரில் மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. தொல்லை அதிலிருந்து இறங்கிய பிறகுதான். நடைபாதை என்பது மோரிக்கு, அதாவது சாக்கடைக்கு, மேல் போட்ட கற்பலகைகள். ஒன்று ஆடும், ஒன்று இருக்காது, அடுத்ததில் டிரான்ஸ்ஃபார்மர். நகரத்தைச் சரிசெய்வது நம் கையில் இல்லை. வழியைச் சொல்வது நம் கையில் இருக்கிறது.

பக்கத்து மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் எந்த வாசலில் இறங்குகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் நடைபாதை பரவாயில்லை, எங்கே சாலையைக் கடக்க வேண்டும், எத்தனையாவது கிராஸில் (குறுக்குத் தெருவில்) திரும்ப வேண்டும் என்று நடந்து பார்த்து எழுதுங்கள். ‘பச்சை கேட் வீடு’ என்பது பார்வையற்றவருக்கு உதவாது. ‘இடப்பக்கம் மாவு மில் சத்தம் கேட்கும், அதைத் தாண்டி இரண்டாவது வாசல்’ என்பது உதவும். வரைபடச் செயலியில் உங்கள் இடத்தின் புள்ளி எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது பின்சந்தில் இருந்தது. ஆட்டோக்காரர்கள் ஆட்களைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகை முன்னால் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெயர்ப்பலகை விஷயத்தில் ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் சட்டத் திருத்தம் வந்தது. இதைச் சுமையாகப் பார்க்கும் தமிழர்கள் உண்டு. வழிகேட்டு வருகிறவருக்குத் தெருவில் பதில் சொல்லப்போவது பூக்காரரும் ஆட்டோக்காரரும்தான். அவர்களுக்கு உங்கள் இடத்தின் பெயர் வாயில் வர வேண்டாமா? கன்னடத்தில் பெரிதாகவே எழுதுங்கள்.

நான்காவது படி: வாசல்

சாய்தளத்தின் கணக்கு 1:12. மேஸ்திரியிடம் சொல்ல இன்னும் எளிதான வழி: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். எங்கள் முன்வாசலின் மூன்று படி, படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் பதினெட்டு அங்குலம். அப்படியானால் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதற்கு மேலும் கீழும் நின்று திரும்ப ஐந்தைந்து அடி சமதளம். எங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்ததே ஒன்பது அடி.

“பாதி நீளத்துல போட்டுடலாம் சார், ஏத்திடலாம்” என்றார் மேஸ்திரி. ஏற்றிவிடலாம்தான், தள்ள இரண்டு பேர் இருந்தால். இறங்கும்போது நாற்காலி முன்பக்கமாகக் கவிழும். செங்குத்தான சாய்தளம் படியைவிட ஆபத்து. படியாவது தன்னைப் படி என்று சொல்லிக்கொள்கிறது. விளம்பரத்துக்காக ஒப்புக்குப் போட்ட இப்படிப்பட்ட சாய்தளங்களை வங்கி வாசல்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலும் பூந்தொட்டிதான் நிற்கும்.

நோட்டைப் புரட்டினோம். சமையலறைப் பக்கவாசலில் ஒரே ஒரு படி, ஆறு அங்குலம். ஆறு அடி போதும், இடமும் இருந்தது. அங்கே கட்டினோம். ஆனால் உடனே ஒரு கேள்வி: நடக்க முடிந்தவர்கள் முன்வாசல் வழியாக, மற்றவர்கள் கொல்லைப்பக்கம் வழியாக என்றால் அது நம் ஊர் பழைய வழக்கத்தின் இன்னொரு வடிவம் ஆகிவிடாதா? அதனால் பக்கவாசலையே எல்லோருக்குமான வாசலாக்கினோம். வரவேற்பு மேசை, வருகைப் பதிவேடு, காபி எல்லாம் அங்கே. எழுத்தாளரின் மனைவி புழங்கிய சமையலறை வழியாக இப்போது எல்லோரும் நுழைகிறார்கள். அந்த அறையைப் பற்றிச் சொல்ல எங்களிடம் முன்பு ஒன்றுமே இருந்ததில்லை. இப்போது தேட வேண்டியதாயிற்று, கிடைக்கவும் செய்தது.

தரைக்குப் பளபளப்பான கிரானைட்டோ வழவழக் கடப்பாக் கல்லோ வேண்டாம், மழை பெய்தால் வழுக்கும். சொரசொரப்பான சிமென்ட் போதும். அகலம் நான்கு அடிக்குக் குறையக் கூடாது. ஓரங்களில் சக்கரம் நழுவாமல் இருக்கச் சின்ன வரப்பு. கைப்பிடி இரண்டு பக்கமும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மஞ்சள் பட்டை.

அப்புறம் செருப்பு. நம் வீடுகளில் இதுதான் பெரிய தகராறு. எழுத்தாளர் குடும்பத்தார் “பூசை செய்த வீடு, செருப்போடு வரக் கூடாது” என்றார்கள். நியாயம்தான். ஆனால் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) போட்டவருக்குக் காலணி கருவியின் ஒரு பகுதி. கழற்றினால் நடக்க முடியாது. செயற்கைக் கால் காலணியின் உயரத்துக்குப் பொருத்தியிருக்கும். கழற்றினால் சமநிலை போய்விடும். நீரிழிவால் பாதம் உணர்விழந்தவரை வெறுங்காலில் நடக்கச் சொல்லக் கூடாது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். முடிவு: விரும்புகிறவர்கள் கழற்றலாம், முடியாதவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது, வாசலில் பெரிய கால்மிதி, துணியுறை ஒரு கூடை, சக்கரம் துடைக்க ஈரத்துணி. கழற்றுகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி. ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாரை அவிழ்க்கிற பெரியவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது அந்த நாற்காலிதான்.

ஐந்தாவது படி: உள்ளே

இது சீக்கிரம் முடிகிற வேலை. அறை நடுவில் நிற்கும் பெட்டிகளைச் சுவரோரம் நகர்த்தினாலே ஐந்து அடி வட்டம் கிடைத்துவிடும். கண்ணாடி மேசையின் அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. உயரம் விடுங்கள். ஓரம் தெரியாத கண்ணாடிக் கதவு, தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அலமாரி முனை, மடங்கும் கம்பளம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கைத்தடி தரையைத்தான் தேடும். நெற்றி உயரத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும்: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடிய வேண்டும்.

மாடி? லிஃப்ட் வைக்க முடியாது, வைத்தால் வீடு வீடாக இருக்காது. எங்கள் மாடியில்தான் எழுத்தாளரின் எழுதும் அறை இருந்தது, வந்தவர்கள் எல்லோரும் பார்க்க விரும்பியது அதைத்தான். மேசையைக் கீழே இறக்கிவிட்டோம். ‘அவர் எழுதிய இடம் அதுவல்லவே’ என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. கடைசி ஏழெட்டு வருடம் படியேற முடியாமல் அவரே மேசையைக் கீழே கொண்டுவந்துதான் எழுதினார் என்று மகள் சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது.

ஆறாவது படி: எழுத்தும் வெளிச்சமும்

தமிழில் ஒரு புள்ளி போனால் பொருள் போகும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று வைக்காமல் விட்டார்கள், படிப்பவர் ஊகித்துக்கொண்டார். நாம் அச்சிடும் அட்டையிலும் அதே நிலைமை வரக் கூடாது. அலங்கார எழுத்துருக்களில் புள்ளி கடுகளவு இருக்கும், அல்லது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க எங்கள் சோதனை இது: ஒரே பத்தியை நான்கு எழுத்துருவில் அச்சடித்து, சுவரில் ஒட்டி, கண்புரை உள்ள என் மாமாவை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி வாசிக்கச் சொன்னோம். மெல்லிய கோடு, தடித்த கோடு என்று மாறி மாறி வருகிற அழகான எழுத்துரு முதல் சுற்றிலேயே தோற்றது.

கையில் கொடுக்கும் தாளுக்கு 18 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து. சுவர்க் குறிப்புக்கு 30 புள்ளிக்குக் குறையாமல். கறுப்பு எழுத்து, வெளிர் பின்னணி, பளபளப்பில்லாத தாள். கண்ணாடி மேல் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். குறிப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து 135 செ.மீ. அளவில் இருந்தால் நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். ஒரு குறிப்பில் அறுபது சொல்லுக்கு மேல் போனால் யாருமே படிப்பதில்லை, கண் நன்றாகத் தெரிகிறவர்களும்.

வெளிச்சம்தான் சிக்கல். பழைய தாளுக்கும் மைக்கும் 50 லக்ஸுக்கு மேல் ஆகாது என்பது பாதுகாப்பாளர்களின் விதி. அது மங்கலான வெளிச்சம். பார்வை குறைந்தவருக்கு இருட்டு. இரண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை. மூலத்தை மங்கலில் வையுங்கள். அதன் நல்ல நகலை, இரண்டு மடங்கு பெரிதாக்கி, ஜன்னலோர மேசையில் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கூடவே கையெழுத்தை அச்செழுத்தில் பெயர்த்த ஒரு தாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் விழிக்கிறார்கள். அந்தத் தாள் அவர்களுக்கும் உதவும். உருப்பெருக்கிக் கண்ணாடி இரண்டை மேசையில் நூல் கட்டி வையுங்கள். நூல் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் காணாமல் போகும்.

ஏழாவது படி: குரல்

என்னைக் கேட்டால் நேரத்தில் பாதியை இதற்கே கொடுப்பேன். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறையாக ஒன்று நடந்திருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாது. பாட்டி சொன்ன கதைகள் எல்லாம் தெரியும், ஆனால் அட்டையில் உள்ள ஒரு வரியை வாசிக்க முடியாது. பார்வையற்றவருக்காக நாங்கள் பதிவு செய்த ஒலிக்குறிப்புகளை முதலில் காதில் மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

ஸ்டூடியோ தேவையில்லை. கைப்பேசி, மெத்தை போட்ட அறை, ஞாயிறு காலை ஐந்தரை மணி. வண்டிச் சத்தம் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம். ஒரு பொருளுக்கு ஒன்றரை நிமிடம். எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் முதல் பதிவு இப்படி: “இது எழுத்தாளர் பயன்படுத்திய மேசை. தேக்கு மரத்தால் ஆனது.” கேட்ட நண்பர், பிறவியிலேயே பார்வையற்றவர், சிரித்தார். “சரி, கடையில கூட அத சொல்வாங்க. இந்த மேசைல என்ன?” என்றார். இரண்டாவது பதிவு:

“இடுப்பளவு உயரம். சாய்ந்த பலகை இல்லை, சமமான பலகை. வலக்கை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்தின் நிறம் வெளுத்து, சற்றுக் குழிந்திருக்கிறது. முழங்கை ஊன்றிய இடம். அதற்குப் பக்கத்தில் காபித் தம்ளர் வைத்த வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. இழுப்பறையின் பித்தளைக் குமிழ் ஒன்று இல்லை, அந்த இடத்தில் சணல் முடிச்சு.”

கண் தெரிந்தவர்களும் அதைக் கேட்ட பிறகுதான் அந்தக் குழியைப் பார்க்கிறார்கள்.

ஒலிக்குறிப்பை க்யூஆர் கோடில் வைத்தால், அது எங்கே இருக்கிறது என்று பார்வையற்றவருக்கு எப்படித் தெரியும்? எல்லா அறையிலும் ஒரே உயரத்தில், கதவின் வலப்பக்கம், விரலுக்குத் தட்டுப்படும் மேடான சட்டத்துக்குள் ஒட்டுங்கள். இணையம் வராத ஓட்டு வீட்டுக்குப் பழைய கைப்பேசி இரண்டில் கோப்புகளை ஏற்றி வைத்து இரவல் கொடுங்கள். எல்லாப் பதிவுக்கும் எழுத்து வடிவமும் வேண்டும், கேட்காதவர்களுக்காக.

படைப்புகளை வாசித்துப் பதிவு செய்வதென்றால் பதிப்புரிமையைக் கவனியுங்கள். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாரதி, புதுமைப்பித்தன் போல நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்தை யாரும் பதிவு செய்யலாம். மற்றவர்களுடையதாக இருந்தால், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக ஒலி வடிவமோ பிரெய்லியோ செய்து லாபமின்றி அவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. ஆனால் அதே பதிவை எல்லோருக்கும் இணையத்தில் போடுவதற்கு வாரிசுகளின் அனுமதி வேண்டும். கேளுங்கள், எங்களுக்குக் கேட்ட அன்றே கிடைத்தது.

எட்டாவது படி: விரல்

மூலத்தைத் தொடக் கூடாது, சரி. தொடுவதற்கென்றே ஒரு மேசை போடுங்கள். பழைய சந்தையில் கிடைக்கும் மைக்கூடு, தொட்டெழுதும் பேனா, தட்டச்சுப் பொறி, ஓலையும் எழுத்தாணியும். புதிய பனை ஓலையில் கீறிய எழுத்து விரலுக்கே தெரியும். ஈய அச்செழுத்து வைக்க ஆசையாக இருக்கும். ஈயம் கைக்கு நல்லதல்ல, பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். மரத்தில் செதுக்கியதை வையுங்கள். கஸ்தூர்பா சாலையில் உள்ள கலை, புகைப்பட அருங்காட்சியகத்தில் ஓவியங்களின் தொட்டுணரும் வடிவங்கள் இருக்கின்றன. போய்த் தொட்டுப் பாருங்கள், யோசனை கிடைக்கும்.

பிரெய்லி பற்றி இரண்டு விஷயம். பார்வையற்றவர் எல்லோருக்கும் பிரெய்லி தெரியும் என்று சொல்ல முடியாது. நடுவயதில் பார்வை போனவர்கள் பெரும்பாலும் குரலையே நம்புகிறார்கள். அதனால் பிரெய்லி போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று இனிமையானது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லியில் தமிழ் ‘க’வுக்கும் கன்னட ‘க’வுக்கும் ஒரே புள்ளிகள். கன்னட பிரெய்லி படித்த ஒரு கல்லூரி மாணவி எங்கள் தமிழ்த் தாளை விரலால் தடவி, தமிழ் தெரியாமலே, மெதுவாக ஒலிகூட்டிச் சொன்னார். ‘ழ’வில் நின்றார். எங்களில் ஒருவருக்கும் கன்னட எழுத்தை அப்படி வாசிக்கத் தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளி பிரெய்லியில் எழுத்துக்கு முன்னால் வரும் என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார்.

பிரெய்லி அச்சுக்கும் பேசும் புத்தகங்களுக்கும் பெங்களூரில் மித்ரஜோதி போன்ற அமைப்புகள் உள்ளன. அச்சடித்து வந்ததைப் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். ஓரிடத்தில் பிரெய்லித் தாளை அழகாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது படி: கேளாதவர்களும் சத்தம் தாளாதவர்களும்

பின்னணியில் பாட்டு ஓடவிடுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். காதுக் கருவிக்குப் பாட்டும் பேச்சும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாகவே கேட்கும். வீடியோக்களுக்குத் தமிழில் எழுத்து வரி (சப்டைட்டில்) சேருங்கள். பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசிச் செயலிகள் தமிழுக்கு ஓரளவு வேலை செய்கின்றன. அவை தடுமாறினால் காகிதமும் பேனாவும் இருக்கிறது, எழுத்தாளர் வீட்டில் அதற்குப் பஞ்சமா? சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி போல என்பதை மறக்க வேண்டாம். நிகழ்ச்சி நடத்தினால் சைகை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, பேசுபவருக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளைகளுக்காக மாதம் ஒரு ஞாயிறு முதல் மணி நேரத்தை அமைதி நேரம் ஆக்கியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பத்தாவது படி: வாசலில் நிற்பவர்

வந்தவரிடம் பேசுங்கள், கூட வந்தவரிடம் அல்ல. “இவருக்கு என்ன வேணும்?” என்று மகனிடம் கேட்காதீர்கள். கைத்தடியைப் பிடித்து இழுக்காதீர்கள், முழங்கையை நீட்டி “பிடிச்சுக்கிறீங்களா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சக்கர நாற்காலியைச் சொல்லாமல் தள்ளாதீர்கள். ‘பாவம்’ என்ற சொல்லை வாசலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். பார்வையற்றவரிடம் “பாத்தீங்களா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை, அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். கண்ணாடிப் பெட்டியின் சாவி, திறந்திருக்கும் நேரம் முழுவதும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் முறைப்பட்டியலில் முதல் வரியே அதுதான்.

ஸ்ரீராம்புரத்து அம்மா மறுபடி வந்தாரா என்று கேட்பவர்களுக்கு: வந்தார், ஒன்றரை வருடம் கழித்து. ஜன்னலோர மேசையில் மூலத்தையே எடுத்து வைத்தோம். கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன, இவ்வளவு கிறுக்கலா இருக்கு” என்றார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். பெட்டிகள் தாமாக நகர்ந்து நடுவுக்கு வந்துவிடும், உருப்பெருக்கியின் நூல் அறுந்திருக்கும், நாற்காலி மேல் புத்தகக் கட்டு ஏறியிருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதரை மணிக்கு எங்கள் முதல் வேலை, சாய்தளத்தின் அடியில் நிற்கிற ஸ்கூட்டர் யாருடையது என்று தெருவில் விசாரித்து நகர்த்தச் சொல்வது. பெரும்பாலும் அது எங்கள் செயலாளருடையதாகவே இருக்கும்.